சேஷுவின் மச்சினன்

வைத்யநாதனின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சேஷு வந்து நின்றுவிடுகிறான். என்ன செய்வது? வைத்யநாதன் வாழ்ந்த காலத்திலும் இதே கதிதான். மைசூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா வைத்யநாதன் என்று சொன்னால், எந்த வைத்யநாதன் என்று கேட்பார்கள். சேஷுவின் மச்சினன் என்று சொன்னால், "ஓ, அவரா! உக்காருங்கோ, காப்பி சாப்பிடறேளா?" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அந்தக் காப்பி ஒரு நாளும் அவன் தொண்டையில் சுகமாக இறங்கியதில்லை.

இத்தனைக்கும் சேஷுவைக் கிரிக்கெட்டுக்கு இழுத்து வந்தவனே இவன்தான். ஸ்டேஷன்காரர்களும் கோர்ட்டுக் கச்சேரி குமாஸ்தாக்களும் சேர்ந்து நடத்திய சின்ன கிளப் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் குறைந்தது. சமஸ்தான சர்க்காரின் சந்தன எண்ணெய் ஃபாக்டரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒல்லிப் பையன் ஒருவன் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், இங்க வா. சும்மா ஓரமா நின்னா போதும்" என்று வைத்யநாதன்தான் கூப்பிட்டான். விதி யாரை விட்டது! கடைசி ஆளாகப் போன அந்தப் பையன் முதல் பந்தை லேசாகத் தட்டினான், அவ்வளவுதான். பேட்டில் பட்ட சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. பந்து ஸ்லிப்பில் நின்றவனைத் தாண்டி வேலியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. சுத்தமான லேட் கட். கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் கொறிப்பதை நிறுத்தினார்கள்.

அந்தக் கடலைதான் வைத்யநாதனின் முதல் காயம். அவன் ஐந்து வருஷமாக அதே கிளப்புக்கு ஓப்பனிங் ஆடிக்கொண்டிருந்தான். ஒருவரும் கடலை தின்பதை நிறுத்தியது கிடையாது. அவன் ஆட வந்தால், "இவன் இப்ப அவுட் ஆகமாட்டான், ஒரு காப்பி சாப்பிட்டு வந்துடலாம்" என்று எழுந்துகூடப் போவார்கள். அவுட் ஆகமாட்டான் என்பது பாராட்டுத்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவனிடம் கேட்டிருந்தால் உங்களை அடித்தே இருப்பான்.

சீக்கிரமே சேஷுவும் அவனும் ஜோடியாக ஓப்பனிங் ஆட ஆரம்பித்தார்கள். அந்த நாளில் பிட்ச் என்பது கெட்டி மண்ணின் மேல் தேங்காய் நார்ப் பாயை இழுத்துப் பிடித்து ஆணி அடித்தது. அதில் புதுப் பந்து பட்டால் எங்கே எழும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. முதல் ஒரு மணி நேரம் நெஞ்சிலும் விலாவிலும் வாங்கிக்கொண்டு நிற்பது வைத்யநாதன். பந்து தேய்ந்து, போட்டவன் களைத்துப் போனதும், சாவகாசமாக ரன் எடுப்பது சேஷு. மறுநாள் ஊரெல்லாம் சேஷு, சேஷு என்று பேச்சு. இவன் வீட்டில் கண்ணாடி முன் நின்று விலாவில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருப்பான். அநியாயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் எண்ணெய் தடவியது விலாவில் மட்டும், எரிந்தது வயிறு.

இந்த நேரத்தில் அவன் அப்பா ஒரு காரியம் செய்தார். கும்பகோணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்காக வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட மனுஷர். பெண் நாகலக்ஷ்மிக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். ஜாதகத்தை எடுத்துக்கொண்டு நேரே போனது லக்ஷ்மிபுரத்தில் சேஷு வீட்டுக்கு. நல்ல குடும்பம், சர்க்கார் சம்பளம், கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை. வைத்யநாதன் என்னவென்று தடை சொல்வான்? பையன் லேட் கட் அழகாக ஆடுகிறான், அதனால் பெண் கொடுக்கக் கூடாது என்றா?

கல்யாணமும் நடந்தது. நேற்றுவரை "டேய் சேஷு" என்று கூப்பிட்டவனை நாலு பேர் முன்னால் "வாங்கோ மாப்பிள்ளை" என்று கூப்பிட வேண்டும். காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை கிளம்பினபோது அவன் தலைக்குக் குடை பிடித்தது வைத்யநாதன். "குடையைச் சாய்க்காதேடா, மாப்பிள்ளை மேல வெயில் படறது" என்று அத்தை ஒருத்தி வேறு அதட்டினாள். சாய்க்க வேண்டும் என்றுதான் அவன் சாய்த்தான்.

அப்புறம் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மற்ற மாப்பிள்ளைகள் சைக்கிள் கேட்பார்கள், கைக்கடிகாரம் கேட்பார்கள். சேஷு வெட்கப்பட்டுக்கொண்டே, "ஒரு நல்ல பேட் இருந்தா போறும்" என்றான். வாங்கி வர பெங்களூருக்கு யார் போவது? வைத்யநாதன். கடையில் இருந்த சீமை பேட்டுகளையெல்லாம் எடுத்துத் தட்டித் தட்டிப் பார்த்து நல்லதைப் பொறுக்கியது யார்? வைத்யநாதன். ஆளிவிதை எண்ணெய் தடவி, பழைய பந்தால் தினமும் மெதுவாக அடித்து அடித்து அதைப் பழக்கியதும் அவனேதான். கையில் பிடித்தபோதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தன் ஆயுசில் இப்படி ஒரு பேட்டால் அவன் ஆடியதில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பட்டு வேஷ்டியோடு அதை வைத்துக் கொடுத்தான். அடுத்த வாரமே அந்த பேட்டால் சேஷு காலேஜ் டீமை நொறுக்கித் தள்ளினான். அன்றைக்கும் விலாவில் நல்லெண்ணெய் இவனுக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முப்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம், கப்பலேறி வந்த வெள்ளைக்கார டீம் ஒன்று மைசூரில் இரண்டு நாள் மேட்ச் ஆடுவதாக ஏற்பாடாயிற்று. அடுத்த கோடையில் இந்திய டீம் இங்கிலாந்துக்குப் போகிறது. அதற்கு ஆள் பொறுக்குகிறவர்கள் இந்த மேட்சைப் பார்க்க வருகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. சமஸ்தான டீமில் பாதிப் பேர் பெங்களூர்க்காரர்கள். ஓப்பனிங்கில் ஒரு இடம் அவர்களுடைய ஆளுக்கு. மிச்சம் ஒரே இடம். அது சேஷுவுக்குப் போயிற்று. வைத்யநாதன் பன்னிரண்டாவது ஆள். பதினொரு பேரில் யாராவது படுத்துக்கொண்டால் இவன் ஆடலாம். இல்லாவிட்டால் சோடா தூக்கலாம்.

முப்பது வயது அவனுக்கு. இனிமேல் இப்படி ஒரு மேட்ச் வரப்போவதில்லை என்று அவனுக்கே தெரியும். ஒரே ஒரு தரம், பெரிய மனுஷர்கள் பார்க்க, நல்ல பந்து வீச்சுக்கு எதிரே நின்று காட்ட வேண்டும். தான் யார் என்று ஒரு நாளாவது ஊர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது. அதை வாங்குவதற்குத் தேவைப்பட்டது சேஷுவுக்கு ஒரு காய்ச்சல். சாமுண்டி மலை இருக்கும் திசையைப் பார்த்து அதைக்கூட வேண்டிக்கொண்டான், படுபாவி.

மேட்சுக்கு முந்தின நாள் மத்தியானம் கூட்ஸ் ஷெட்டில் வெல்ல மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மண்டி மொஹல்லா வியாபாரி ஒருவரோடு வைத்யநாதன் கத்திக்கொண்டிருந்தபோது, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றான். கெம்பையன். கொள்ளேகால் பக்கத்து ஆள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சேஷுவின் சித்தப்பாவின் தோட்டத்தில் வேலை செய்கிறவன்.

"கும்பிடறேனுங்க சாமி. சேஷு சாமியோட சித்தப்பாரு விடியக்காலம் போயிட்டாருங்க."

"அடடா! எப்படி?"

"ராத்திரி நல்லாத்தானுங்க சாப்பிட்டாரு. காத்தால எந்திரிக்கல. தகவலு சொல்லோணும்னு அனுப்பிச்சாங்க. வரவேண்டாமாமுங்க, தீட்டு மட்டும் காத்துக்கட்டும்னாங்க."

சேஷு குடும்பத்துக்கும் அந்தச் சித்தப்பா குடும்பத்துக்கும் ஒரு மாமரத்தை முன்னிட்டு வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது. சாவுக்கு வராதே, ஆனால் சாஸ்திரத்தை விடாதே! இதுதான் பங்காளிப் பாசம்.

அந்தத் தீட்டு சமாசாரத்தை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சித்தப்பா செத்தால் பத்து நாள் தீட்டு. பத்து நாளும் நாலு பேரைத் தொட்டுப் பழகக் கூடாது. கோயில் கிடையாது, பூஜை கிடையாது. கிரிக்கெட்டா? பேச்சே வேண்டாம். ஆனால் அதில் ஒரு சந்து உண்டு. சேதி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. விழாதவரைக்கும் அவன் சுத்தமாகவே இருக்கிறான், தாராளமாக ஆடலாம். பெண்ணைக் கொடுத்த வகையில் மச்சினனாகிய வைத்யநாதனுக்கு இந்தச் சாவால் ஒரு தீட்டும் இல்லை. இந்தக் கணக்கெல்லாம் கெம்பையன் மூச்சு வாங்குவதற்குள் வைத்யநாதன் மனசில் ஓடி முடிந்துவிட்டது.

"சரி சரி, நான் போய்ச் சொல்லிக்கறேன். நீ அடுத்த வண்டியிலயே திரும்பிப் போ."

"இல்லீங்க சாமி, அவரு காதுலயே நேராச் சொல்லிப்போட்டு—"

"அதான் சொல்றேனே! நான் வேற, அவன் வேறயா? போ, போ."

கெம்பையன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வைத்யநாதன் அதைக் கேட்க நிற்கவில்லை. வெல்ல வியாபாரியை அப்படியே விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டே நடந்தான். "கடமைன்னு ஒண்ணு இருக்கே மாப்பிள்ளை" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். "சொல்லாம இருந்தா பாவம் எனக்குன்னா வந்து சேரும்" என்று இன்னொரு தரம். இரண்டாவது நன்றாக இருந்தது. பாவத்துக்குப் பயப்படுகிறவன் போல நடப்பதில் அவனுக்கு ஒரு சுகமே வந்துவிட்டது.

வீட்டு வாசலில் சேஷுவின் அம்மா பாலாம்பாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வா வைத்தி. அவன் இன்னும் கிரவுண்டுலேர்ந்து வரலை. சமயம் பாத்து உன் தங்கை தூரமாயிட்டா. நான் ஒருத்தியா எத்தனைதான் பண்ணுவேன், சொல்லு?"

மாமியிடம் நேராகச் சேதியைப் போட்டு உடைத்திருக்கலாம். தங்கையிடம் முதலில் சொல்லிவிடுவோம் என்று கொல்லைப்பக்கம் போனான். மாதவிலக்கானவர்கள் ஒதுங்கி உட்காரும் சின்ன அறை அங்கே இருந்தது. நாகலக்ஷ்மி பாயில் உட்கார்ந்திருந்தாள். அவன் தள்ளியே நின்றான்.

"நாகு, ஒரு சமாசாரம்—"

"மெதுவாப் பேசு அண்ணா. ஸ்ரீரங்கப்பட்டணத்து சமாசாரம்தானே?"

வைத்யநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"கெம்பையன் மொதல்ல இங்கதான் வந்தான். நல்லவேளை, அவரோட அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. அவர் பெங்களூர் போயிருக்கார், நான் சொல்லிக்கறேன்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன்."

"அப்ப நீ இங்க உக்காந்திருக்கறது?"

"தூரமுமில்லை, ஒண்ணுமில்லை. எனக்கும் தீட்டுதானே? உள்ள நடமாடினா அம்மாவைத் தொடுவேன், அவரைத் தொடுவேன், சமைக்கற பாத்திரத்தைத் தொடுவேன். தூரம்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துட்டேன். மூணு நாளைக்கு ஒருத்தரும் கிட்ட வரமாட்டா. அதுக்குள்ள மேட்ச் முடிஞ்சுடும். அப்புறம் இப்பத்தான் ஆள் வந்ததுன்னு சொல்லி, மிச்ச நாள் தீட்டைக் காத்துக்கலாம்."

தெருவில் நாய் உரசினால்கூட மறுபடி தலைமுழுகுகிற பெண் இவள். இத்தனை பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு, மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"பாவமில்லையாடி இது?"

"பாவம் எனக்கு வரட்டும். உன் வாயால சேதி வரவேண்டாம்." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு அவர் மேல வயித்தெரிச்சல். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. அவர் ஆடறச்சே ஊரே அவரைப் பாக்கும்; நான் உன் மூஞ்சியைப் பாத்திருக்கேன்."

"சீ! என்ன பேச்சு பேசறே?"

"அப்ப சத்தியம் பண்ணு. கையடிச்சுக் கேக்க முடியாது, நான் தீட்டு. வாயாலயே சொல்லு, அது போறும்."

என்ன செய்வான்? "சொல்லலை, போ" என்றான். "சத்தியமா?" என்றாள். "சத்தியமா" என்றான். மாட்டைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிட்டது அவனுக்கு.

வாசலுக்கு வந்தபோது சேஷு உள்ளே நுழைந்துகொண்டிருந்தான். தலை ஈரமாக இருந்தது. கிரவுண்டுக் குழாயடியிலேயே குளித்துவிட்டு வந்தேன், ஒரே புழுதி என்றான். "நாளைக்கு மேட்ச், உள்ளே போய் ஸ்வாமியை நமஸ்காரம் பண்ணிட்டு வாடா" என்று அம்மா சொன்னதற்கு, "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று அழுத்தமாக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். வைத்யநாதனை ஒரு பார்வை பார்த்தான்.

"என்னடா வைத்தி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லை. நாளைக்கு நன்னா ஆடு." அந்த வார்த்தையைச் சொல்வதற்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

மறுநாள் கிரவுண்டில் எள் போட்டால் விழ இடமில்லை. பெரிய ஷாமியானா, சரிகைத் தலைப்பாகைகள், வெள்ளைக்காரத் துரைசானிகளின் குடைகள். சமஸ்தான டீம் முதலில் ஆடிற்று. பெங்களூர் ஓப்பனர் வந்த சுருக்கில் போய்ச் சேர்ந்தான். சேஷு நின்றான். அன்றைக்கு அவன் ஆடியதைப் பற்றி ஊரில் இன்றும் பேசுவார்கள். அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை, என் ஆள் வைத்யநாதன். அவன் ஷாமியானா ஓரத்தில், வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பந்தையும் அவனும் மனசுக்குள் ஆடினான். சேஷு நாலு அடித்த பந்தையெல்லாம் இவனும் அடித்தான். ஆனால் கைதட்டல் ஒரு பக்கம்தானே கேட்டது?

சேஷு எழுபதைத் தாண்டினபோது ஆரம்பித்தது வினை. ஒரு நாள் லீவு கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் வைத்யநாதனின் மேலதிகாரி எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மாப்பிள்ளையாமே! சொல்லவே இல்லையே, ஸ்வாமி!" மண்டி மொஹல்லா வெல்ல வியாபாரி கூட்டத்திலிருந்தே "நம்ம வைத்தியண்ணன் பாவமைதுன!" என்று கன்னடத்தில் உறவைச் சொல்லிக் கத்தினான். வெள்ளைக்கார டீமின் மானேஜர் யாரோ சொல்லக் கேட்டுத் திரும்பி இவனைப் பார்த்தார். சிரித்தார். இத்தனை காலமாக ஏங்கிய பெரிய மனுஷர் பார்வை கடைசியில் அவன் மேல் விழுந்தது. சிரித்துவிட்டு, குடித்து முடித்த காலி டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு மறுபடி கிரவுண்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எத்தனை நேரம் நின்றானோ. கூட்டம் "ஹொடி! ஹொடி!" என்று, அடி அடி என்று கன்னடத்தில் கூவிக்கொண்டிருந்தது. சேஷு தொண்ணூற்று நாலு. தாகத்துக்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். தட்டில் சோடாக்களை அடுக்கிக்கொண்டு பன்னிரண்டாவது ஆள் கிரவுண்டுக்குள் நடந்தான்.

இப்போது சொல்லி அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. ஆடிக்கொண்டிருப்பவன் பாதியில் போனாலும் பேட் இவன் கைக்கு வராது. அது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முந்தின நாளாவது ஒரு இடத்துக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு அதுகூட இல்லை. அந்த நூறு ஆகக் கூடாது, அவ்வளவுதான். நாலு பேர் நடுவில் அவன் முகம் கறுக்க வேண்டும். அம்பயர்களும் எதிர்ப் பக்கத்து ஆட்டக்காரனும் சோடாவை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சேஷு வியர்வையைத் துடைத்துக்கொண்டே கையை நீட்டினான்.

"சேஷு. உன் சித்தப்பா போயிட்டார். நேத்து விடியக்காலை."

சொல்லிவிட்டான். தங்கைக்குக் கொடுத்த சத்தியம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

சேஷுவின் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"தெரியும்டா. கெம்பையன் நேத்தே கிரவுண்டுக்கு வந்து சொல்லிட்டான். காதுல நேராச் சொல்லணும்னு அவனுக்கு உத்தரவாம். உங்கிட்டயும் சொன்னேன்னு சொன்னான். நீ பேசின பேச்சுலயே நான் ஊர்லதான் இருக்கேன்னு தெரிஞ்சுண்டுட்டானாம்." மிச்சத்தையும் குடித்துவிட்டுக் காலிப் புட்டியைத் தட்டில் வைத்தான். "நேத்து சாயங்காலமே சொல்லிடுவேன்னு நெனச்சேன். தொண்ணூறு வரைக்கும் பொறுத்துண்டிருந்தியே, பெரிசுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சோடாவில் உப்பு கம்மி என்று சொல்வதைப்போலச் சொன்னான். குழாயடிக் குளியல், ஸ்வாமி நமஸ்காரத்துக்கு உள்ளே போகாதது, "ஏதாவது சொல்லணுமா?" என்ற கேள்வி எல்லாம் ஒன்றாக வந்து வைத்யநாதன் தலையில் இறங்கின. தட்டோடு திரும்பி நடந்தான். எல்லையைத் தாண்டி ஐஸ் பெட்டியண்டை போவதற்குள் சேஷு இரண்டு ரன் ஓடிவிட்டான். அடுத்த பந்தில், பின்னால் கூட்டம் நூறுக்கு 'ஹோ'வென்று எழுந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. லேட் கட் என்று அவனுக்குத் தெரியும்.

மேட்ச் முடிந்த மறுநாள் நாகலக்ஷ்மி தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வந்து, பட்டணத்திலிருந்து இப்பத்தான் ஆள் வந்து போனான் என்று வருத்தமாகச் சொன்னாள். சேஷு, "ஐயோ, எப்போ?" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வைத்யநாதனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். சேஷு அவன் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. நாகலக்ஷ்மிதான் பார்த்தாள், கண்ணில் அவ்வளவு நன்றியோடு. மிச்ச நாள் தீட்டை முறையாகக் காத்தார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் பேப்பரில் வந்தவை. அடுத்த கோடையில் சேஷு கப்பலேறினான். கடல் தாண்டினால் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று பாலாம்பாள் அழுதாள். வந்ததும் செய்துகொள்கிறேன் என்று போய்விட்டான். இந்தியாவுக்கு ஆடிய முதல் மேட்சில் முதல் இன்னிங்ஸ் முட்டை. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று வைத்யநாதன் கால் வீசை மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். என்ன விசேஷம் என்று அவன் பெண்டாட்டி கேட்டதற்கு, சும்மா சாப்பிடத் தோன்றியது என்றான். இரண்டாவது இன்னிங்ஸில் சேஷு எழுபத்தொன்று அடித்துவிட்டான். மிச்ச மைசூர்பாகு குழந்தைகளுக்குப் போயிற்று.

திரும்பி வரும்போது மச்சினனுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்திருந்தான். மைசூர்க் குளிருக்கு அது இதமாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். சேஷு பம்பாயில் ஆடினான், கல்கத்தாவில் ஆடினான். யுத்தம் வந்து வெளிநாட்டு டீம்கள் வராமல் போயின. ஆனாலும் பேர் குறையவில்லை. வைத்யநாதன் ஆடுவதை விட்டுவிட்டு லோக்கல் மேட்சுகளுக்கு அம்பயராக நின்றான். ஒரு தடவை சேஷு ஊருக்கு வந்திருந்தபோது கிளப் மேட்சில் ஆட, இவன் கூசாமல் எல்.பி.டபிள்யூ கொடுத்தான். பந்து லெக் ஸ்டம்புக்கு ஒரு முழம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. சேஷு பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டான். அதைப் பார்த்தும் ஊர், "என்ன பெருந்தன்மை பாத்தியா!" என்றுதான் சொல்லிற்று.

ஆனால் பொறாமை ஒரு பங்கு என்றால் பயம் இரண்டு பங்கு. பண்டிகைக்கு, சிராத்தத்துக்கு என்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரும்போது சேஷு வாயைத் திறந்தால் இவனுக்குச் சாதம் விக்கும். இன்றைக்குச் சொல்லிவிடுவான். நடுக் கிரவுண்டில் நீ என்ன செய்தாய் என்று நாகுவின் முன்னால் கேட்டுவிடுவான். தங்கைக்கு அண்ணன் மேல் அன்றிலிருந்து ஒரு தனிப் பிரியம்; நல்ல காய்கறி வந்தால் கொடுத்தனுப்புவாள், அவன் பிள்ளைகளுக்குத் தன் கையால் தைத்துக் கொடுப்பாள். ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விடும். சேஷு வாயைத் திறந்து, "இன்னும் கொஞ்சம் ரசம்" என்பான். வருஷங்கள் இப்படியே ஓடின. சொல்லித் தொலைத்தால்கூட நிம்மதி என்று ஆகிவிட்டது அவனுக்கு. சொல்லாமல் வைத்துக்கொண்டு தன்னைக் கொல்கிறான் என்று அதற்கும் சேஷுவையே கரித்துக் கொட்டினான்.

நாற்பத்தாறாம் வருஷம் சேஷு விளையாட்டிலிருந்து விலகினான். டவுன் ஹாலில் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். நாலைந்து பேர் பேசினார்கள். ஒருவர், "மூலையில் உட்கார்ந்திருக்கும் இவருடைய மைத்துனரும் ஒரு காலத்தில் கொஞ்சம் ஆடியவர்" என்று சொல்லி உட்கார்ந்தார். கொஞ்சம்!

சேஷு வீட்டில் மாலைகள் கூடத்தில் குவிந்து கிடந்தன. கண் சரியாகத் தெரியாத பாலாம்பாள் ரோஜாவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாகலக்ஷ்மி திடீரென்று எழுந்து நின்றாள்.

"அம்மா, உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். இத்தனை நாளா நெஞ்சுக்குள்ளேயே வெச்சிண்டிருக்கேன்." கணவனைப் பார்த்தாள். "வெள்ளைக்காரா மேட்சுக்கு முன்னாடி நான் தூரம்னு உக்காந்தது பொய். பட்டணத்துச் சித்தப்பா போன சேதி முந்தின நாளே வந்துடுத்து. மறைச்சுட்டேன்."

பாலாம்பாள் கையிலிருந்த மாலையைக் கீழே போட்டாள். "அடிப்பாவி! தீட்டோடயா அவன் ஆடினான்?"

"அவர் காதுல விழலையேம்மா, அவருக்கேது தீட்டு? பாவமெல்லாம் என்னோடது. ஆனா நான் ஒருத்தியாப் பண்ணலை. அண்ணாவுக்கும் தெரியும். அண்ணா நெனச்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லி, அந்த இடத்துல தான் ஆடியிருக்கலாம். ஆடணும்னு அவனுக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? எனக்காக வாயைக் கட்டிண்டான். இன்னிக்கு விழுந்த மாலையெல்லாம் அவன் போட்டது."

சொல்லிவிட்டு, முழங்கால் மடித்து, அண்ணனின் காலில் விழுந்து நமஸ்காரம் செய்தாள்.

வைத்யநாதனுக்குக் காலை இழுத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. கண்ணை உயர்த்தினான். எதிரே சேஷு, காப்பி டம்ளரும் கையுமாக, அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இதோ. இப்போது சொல்வான். சொல்லட்டும்.

சேஷு டம்ளரைக் கீழே வைத்தான். வாயைப் பிளந்து மனைவியைப் பார்த்தான், மச்சினனைப் பார்த்தான்.

"அட, திருட்டுப் பசங்களா! எனக்கு இன்னிக்குத்தானே தெரியறது?" என்றான். எழுந்து வந்து வைத்யநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "ஏண்டா வைத்தி, தொண்ணூற்று நாலுல சோடா கொண்டுண்டு நீதானே வந்தே? அப்பக்கூட ஒரு வார்த்தை வாயைத் திறக்கலையேடா, படவா!" அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

பாலாம்பாள், "நல்ல பிள்ளை, வைத்தி" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாகலக்ஷ்மி அழுதுகொண்டே சிரித்தாள். வைத்யநாதன் அந்தக் கைகளுக்குள் தன் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் இந்தப் பொய்யை இவ்வளவு அழகாகச் சொல்லியிருப்போமா என்று யோசித்துப் பார்த்தான். மாட்டோம் என்று தெரிந்தது. பற்றிக்கொண்டு எரிந்தது வயிறு.